சர்க்கரை போட்டு ஒரு டீ!

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினால் நமக்கு இரண்டே கடமை. ஒன்று, ஜன்னல் சீட் பிடிப்பது. இரண்டு, சக பயணிகளுக்குத் தீர்ப்பு வழங்குவது. அன்றைக்கு ஜன்னல் சீட் உடனே கிடைத்துவிட்டதால், இரண்டாவது வேலைக்கு நிறைய நேரம் இருந்தது.

மல்லூர் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் உளற ஆரம்பித்தார். சட்டைப் பையில் கை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். கை நடுங்கியது. 'எங்கீங்க போகணும்?' என்று கேட்ட கண்டக்டரிடம், 'உனக்கென்னடா?' என்று எகிறினார். வெள்ளை வேட்டி, சட்டை. முகமெல்லாம் குடம் தண்ணீர் ஊற்றின மாதிரி வியர்வை.

'காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாருங்க' என்று கண்டக்டருக்கு எடுத்துக் கொடுத்தேன். முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கின சந்தோஷம்.

'ஆண்டகளூர் கேட்டுல இறக்கி விட்டுடறேன்' என்றார் கண்டக்டர்.

பின் சீட்டிலிருந்து காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா எழுந்து வந்தார். 'ஏனுங் தம்பி, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே... வாடை அடிக்குதுங்களா? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சுகரு எறங்கிப் போச்சுங்க!'

பெரியவரின் பையைத் திறந்தார். சுகர் மாத்திரை அட்டை. பிரிக்காத டிபன் பாக்ஸ். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறார்.

'இனிப்பா ஏதாச்சும் குடுங்க!' ஒருவர் பரிவோடு சுகர் ஃப்ரீ பிஸ்கெட்டை நீட்டினார். நல்லவேளை, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன் மாம்பழ ஜூஸைத் தியாகம் செய்தான். அந்த அம்மா தலையைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

கால் மணி நேரம். ஆண்டகளூர் கேட் வந்தது. பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: 'தம்பி, ராசிபுரம் பிரிவு வந்துருச்சுங்களா?'

அந்த 'ங்களா'வில் நான் செத்தேன்.

பிறகு டாக்டர் நண்பரிடம் விசாரித்தேன். 'சுகர் ஏறுவது பெரும்பாலும் கந்துவட்டி மாதிரி, மெதுவாகக் கழுத்தை நெரிக்கும். இறங்குவது பிரேக் பிடிக்காத லாரி' என்றார். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு. 54-க்கும் கீழே என்றால் மூளைக்குச் சாப்பாடு இல்லை. உளறல், கோபம், தள்ளாட்டம், அப்புறம் வலிப்பு, மயக்கம். குடிகாரனுக்கும் இவருக்கும் நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. குடித்த வாடை அடித்தாலும் நம்பக் கூடாதாம். வெறும் வயிற்றில் குடித்தாலும் சுகர் இறங்கும்!

வைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து, அல்லது அரை டம்ளர் ஜூஸ். கால் மணி நேரத்தில் தெளியவில்லையா, இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. மாத்திரையால் இறங்கினது சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ஆகவே டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும்.

மயங்கிவிட்டாரா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற வண்டி. விரலில் குத்திப் பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

சுகர் ஏறி மயங்குகிறவர்களும் உண்டே? உண்டு. அடங்காத தாகம், வாந்தி, ஆழமான மூச்சு, மூச்சில் பழ வாசனை. அதற்கு ஆஸ்பத்திரிதான். எதுவென்று புரியாவிட்டால், விழுங்க முடிகிறவருக்கு இனிப்பையே கொடுங்கள். ஏறினது இன்னும் கொஞ்சம் ஏறுவதால் உடனே பெரிய கெடுதல் இல்லை. இறங்கினதை விட்டால் ஆள் இல்லை.

2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு சர்க்கரை வியாதி. ஐம்பது பேர் உட்கார்ந்த பஸ்ஸில் ஏழு பேர்! இதில் நாமக்கல் லாரி ஊர். மாத்திரையை விழுங்கிவிட்டு, 'அடுத்த செக்போஸ்ட்ல சாப்பிட்டுக்கலாம்' என்று ஸ்டியரிங் பிடிக்கிற அண்ணன்கள் எத்தனை பேரோ!

பெரியவர் இறங்குவதற்கு முன் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு இட்லியை என் பக்கம் நீட்டினார். 'சாப்பிடுங்க தம்பி, நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டீங்க போல!'

அந்த இட்லி மாதிரி தொண்டையில் சிக்கின இட்லியை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. இப்போதெல்லாம் என் பையில் நாலு பொட்டலம் சர்க்கரை இருக்கிறது. தீர்ப்பு மட்டும் இல்லை.