ரெப்போ வட்டியும் கடைக் கணக்கு நோட்டும்

வட்டியைக் கூட்டினால் விலைவாசி இறங்கும் என்கிறது ரிசர்வ் வங்கி. கடன் வாங்குகிறவர் தயங்குவார், கையில் மிச்சம் உள்ளவர் டெபாசிட் போடுவார், சரக்குக்குக் கிராக்கி குறையும் என்பது அவர்கள் கணக்கு. தவறில்லை. ஆனால் வல்லம், வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு செல்லுமா? சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியதும் வாடகையும் போக, மிச்சம் மளிகைக்கே வருகிறது. டெபாசிட் இல்லை, பங்கு இல்லை, வீட்டுக்கடன் இல்லை. அவர்களுக்கு நம்பிக் கடன் கொடுப்பது மளிகைக் கடையின் கணக்கு நோட்டுதான். அதில் வட்டி என்ற பத்தியே கிடையாது.

2022 ஏப்ரலில் சில்லறை விலை உயர்வு 7.79 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று, இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. (அதே 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வட்டி ஏறினால் தக்காளி காய்க்குமா?)

வட்டி இந்தப் பிள்ளைகளைத் தொடாது என்று நாம் சொல்லவில்லை. சுற்றி வந்து தொடும். வண்டிக்கடன் தவணை கூடினால் வாங்குகிறவர் தள்ளிப்போடுவார். ஓரகடத்தில் ஓவர்டைம் குறையும். பிறகு ஒப்பந்த ஆட்களை நிறுத்துவார்கள். லிட்டர் எண்ணெய் வாங்கியவர் அரை லிட்டர் கேட்பார், அடுத்த மாதம் பாக்கி நிற்கும். வட்டி உயர்ந்தால் டெபாசிட்காரருக்காவது வரவு உண்டு. இவர்களுக்கு நட்டம் மட்டுமே.

அந்தப் பாக்கியைச் சுமப்பது யார்? பதினைந்து நாள் தவணையில் நாம் கொடுத்த சரக்கு இருபத்தைந்து நாளில்தான் பணமாகிறது. அந்தப் பத்து நாளுக்கும் நம் ஓவர்டிராப்டில் வட்டி ஓடுகிறது. அதற்காக நாம் தவணையை இறுக்கினால், கடைக்காரர் நோட்டை மூடிவிடுவார். பிள்ளைகள் கந்துவட்டிக்குப் போவார்கள்.

2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ 5.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஏறும்போது உடனே ஏறிய நம் வட்டி, இறங்கும்போது அதே வேகத்தில் இறங்கியதா? 2019 அக்டோபர் முதல், சிறு, குறு தொழில்களுக்கு வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்பது விதி. முன்னுரிமைக் கடனுக்காக வணிகர்களும் 2021 ஜூலையில் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டோம். நம் கடன் எந்த அளவுகோலோடு இணைந்துள்ளது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று உறுப்பினர்கள் வங்கியில் எழுத்து மூலம் கேட்டு, பதிலின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் மேற்கொண்டு பேச வசதியாக இருக்கும்.