உப்பளமும் உபநிஷத்தும்

மாரியூர்ப் பூவேந்தியநாதர் கோவில் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த ஒரு வைதீக நண்பர், பக்கத்து உப்பளத்தில் ஒரு கல் உப்பைக் கையிலெடுத்து, "ஆறு பக்கமும் சதுரமாய் நிற்கிறதே! அறிவுள்ள கர்த்தா ஒருவன் இல்லாமல் இந்த ஒழுங்கு வருமா?" என்று நம்மைக் கேட்டார்.

கேள்வி நல்ல கேள்விதான். பதில் பாத்தியிலேயே கிடக்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புச் சரக்கு உண்டு. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிகின்றன. டிகிரிக் கருவி 25 காட்டிய பிறகே சோற்றுப்பு இறங்குகிறது. மேலும் வற்றவிட்டால் கசப்புச் சரக்கும் சேர்ந்துவிடுமென்று மிச்ச நீரைத் திறந்துவிடுகிறார்கள். சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று இழுத்து மாறி மாறி அடுக்கிக்கொள்வதால் கல் சதுரமாகிறது. பிராக் என்னும் தகப்பனும் மகனும் 1913-லேயே எக்ஸ் கதிரைக் கொண்டு இந்த அடுக்கைக் கண்டு சொல்லிவிட்டார்கள். இதில் உத்தரவு போட்டவர் யார்? போட்டாலும் கேட்பதற்கு உப்புக்குக் காது ஏது?

அன்றியும், கல்லில் ஒழுங்கு சேர்ந்தபோதே, பாத்தியை விட்டுப்போன ஆவி ஆகாயமெங்கும் சிதறிப் போயிற்று. ஓரிடத்து ஒழுங்குக்கு வேறிடத்தில் அதைவிட அதிகமான சிதறலே விலை. நண்பர் கல்லைப் பார்த்தாரேயொழிய ஆவியைப் பார்க்கவில்லை.

நிற்க, அவர் உபநிஷத்துக்குத் தாவினார். சாந்தோக்கியத்தில் உத்தாலகர் மகனைக் கொண்டு தண்ணீரில் உப்பைக் கரைக்கச் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் கரிப்பதுபோல் ஆன்மாவும் எங்கும் நிறைந்ததென்கிறார். உதாரணம் அழகுதான். ஆனால் கரைந்த உப்பு சூனியமாகிவிடவில்லை. உப்பளத்துப் பெண்ணொருத்தி அந்த நீரை வெயிலில் வைத்து உப்பைத் திரும்ப எடுத்து நம் கையில் கொடுத்துவிடுவாள். மூளை அழிந்த பிறகு உணர்வை இப்படித் திரும்ப எடுத்துக் காட்டியவர் உண்டா? டாக்டர் மயக்க மருந்து கொடுத்தால் பிரம்மஞானிக்கும் உணர்வு போய்விடுகிறது. எங்கும் நிறைந்த வஸ்து அந்த ஒரு மணி நேரம் எங்கே ஒளிந்திருந்தது?

இதையெல்லாம் வெறும் வாதத்துக்காக நாம் எழுதவில்லை. ஒழுங்கைக் கண்டால் அதற்குள் ஒரு கருணையும் இருப்பதாக நம் மக்கள் எண்ணிக்கொள்கிறார்களே, அதில்தான் ஆபத்து இருக்கிறது. உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் ஆவியும்தான் புயலையும் உண்டாக்குகின்றன. மேலேயிருந்து பார்த்தால் புயலும் ஒழுங்கான சக்கரமே! 1964 டிசம்பர் 22 இரவு அந்தச் சக்கரம் நம் ஜில்லாவின் தனுஷ்கோடியை அழித்து, ஒரு ரயிலையும் அதிலிருந்தவர்களையும் கடலுக்குக் கொடுத்தது. அதற்குக் கோபமுமில்லை, இரக்கமுமில்லை. தான் செய்வது இன்னதென்ற உணர்வே இல்லை. உணர்வுள்ளவன் கரையில் நின்ற மனிதன் ஒருவனே.

1999-இல் ஒரிசாவில் புயலுக்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் அதே கரைக்கு மறுபடி பெரும் புயல் வந்தது. காற்றின் வேகம் முன்னதைவிடக் குறைவுதான். ஆனாலும் சாமானியப் புயலல்ல. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லி, சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். மாண்டவர் ஐம்பது பேருக்குள்.

நண்பர் இதைக் கேட்டு, "அதுவும் அவனருள்" என்றார். "1999-இல் அருள் எங்கே போயிருந்தது?" என்று கேட்டோம். அதற்குள் சாயல்குடி பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டார்.