பழைய சைக்கிள்தானே!

சைக்கிளைப் பறிகொடுத்த ஒருவனுக்கு நம் நாட்டில் கிடைக்கிற முதல் ஆறுதல் மொழி, "பழைய சைக்கிள்தானே, போனால் போகட்டும்" என்பது. சொல்லுகிறவர்கள் நல்லவர்கள். அவன் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனாலும் கெட்ட எண்ணத்தோடு வீசப்படுகிற எத்தனையோ வசவுகளைக் காட்டிலும் இந்த ஆறுதல் எனக்குக் கசக்கிறது. யோசித்துப் பாருங்கள்: பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிக்கிறவன் பெரும்பாலும் பழைய சைக்கிள் மிதிக்கிறவன்தான். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் அவன் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிடுகிறான். ஆகையால், "பழைய சைக்கிள்தானே" என்று நாம் சொல்லும்போது, "இல்லாதவன் சாமான்தானே" என்றுதான் சொல்லுகிறோம். பணக்காரன் வீட்டில் வெள்ளித் தம்ளர் களவு போனால், "பழைய தம்ளர்தானே" என்று யாராவது விசாரித்ததுண்டா?

நான் குடியிருப்பது செஞ்சியில். காவலைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடத் தகுந்த ஊர் கிடைக்காது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துப் பிடித்த மதில். ராஜகிரி உச்சியை எட்டுவதற்கு முன் 24 அடி அகலத்துக்கு ஒரு பிளவு. அதன்மேல் வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுத்துவிடும்படியான பாலம். 1690இல் முற்றுகை போட்ட மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கானுக்கு, 1698 வரையில் இந்தக் கோட்டை வசப்படவில்லை. அப்பேர்ப்பட்ட கோட்டைக்குள் இருந்த வேங்கடரமணர் கோயிலின் கல்தூண்களைப் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை செஞ்சித் தூண்கள்தாம் என்று எங்கள் ஊரில் சின்னப் பையனும் சொல்லுவான். மதில் அப்படியேதான் நின்றது. மதிலுக்குப் பின்னால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கோட்டைக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது. 2025ஆம் வருஷம் ஜூலை மாதம், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தபோது அதில் செஞ்சியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இது ஒன்றுதான். இனி ஜனங்கள் வருவார்கள். பஸ்ஸிலும் காரிலும் வருவதோடு, வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டும் வருவார்கள். கேரவன் என்ற சொல் சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் நமக்குப் பழகிப்போயிற்று. பக்கத்துக் கேரள சர்க்கார் 2021இலேயே இதற்கென்று ஒரு திட்டம் போட்டுவிட்டது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள அந்தப் பெரிய வண்டியைச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்ப் பால் வாங்க முடியுமா? அதற்காகத்தான் அதன் பின்புறத்தில் ஒன்றோ இரண்டோ சைக்கிள்கள் தொங்குகின்றன. பசுவுக்குப் பின்னால் கன்று மாதிரி.

பெங்களூரில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் ஒருவர் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார். போன தை மாதத்தில் செஞ்சிக்கு வந்தார். வண்டியில் இரண்டு சைக்கிள்கள். ஒன்று அவருடையது, எழுபதாயிரம் ரூபாயாம். இன்னொன்று அவருடைய டிரைவருடையது. டிரைவர் மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள். அவருடைய மகள் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளிக்கூடத்தில் சர்க்கார் கொடுத்த சைக்கிள் அது. பெண் படிப்பை முடித்து விழுப்புரத்துக்கு நர்ஸ் வேலைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டாள், சைக்கிள் திண்ணையில் சும்மா கிடந்தது, எடுத்து வந்துவிட்டார். விடியற்காலையில் பால், காய்கறி, தண்ணீர்க் கேன் எல்லாம் வந்து சேர்ந்தது அந்தச் சைக்கிளில்தான். எழுபதாயிரம் ரூபாய்ச் சைக்கிள் சாயங்காலம் காற்று வாங்கிற்று.

செஞ்சிக்கு வருவதற்கு முந்தின இரவு வழியில் ஓர் ஊரில், ஒரு விடுதி வளாகத்தில் தங்கியிருக்கிறார்கள். வண்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பின்னால் தொங்குவதை யாரும் அவிழ்க்க முடியாது என்பது இந்தப் பிரயாணிகள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். ஆனால் விடுதிக் காவலாளி, "சுவரில் இடிக்கும், சைக்கிளைக் கழற்றிக் கொட்டகையில் விடுங்கள்" என்று சொல்லி, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டும் கொடுத்தான். சிநேகிதர் தம் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். டிரைவரின் சைக்கிள் சீட்டோடு கொட்டகைக்குப் போயிற்று. காலையில் சீட்டு இருந்தது, சைக்கிள் இல்லை. சீட்டின் பின்புறம் பார்த்தால், "பொருள்களுக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று அச்சடித்திருக்கிறது.

மறுநாள் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சிநேகிதர் சொன்னார்: "நல்லவேளை, போனது அதுதான்!" டிரைவர் நாலடி தள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க நியாயமில்லை.

போலீஸ் நிலையத்துக்கும் போயிருக்கிறார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, எங்கே போயிற்று, எப்போது போயிற்று என்பதல்ல, "எவ்வளவு பெறும்?" என்பது. "ஸ்கூல்ல குடுத்ததுங்க" என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டு, "இலவசமா வந்தது, இலவசமாவே போயிடுச்சு" என்றாராம்.

சிநேகிதர் கஞ்சரல்ல. வேறு சைக்கிள் வாங்க மூவாயிரம் ரூபாய் எடுத்து நீட்டினார். டிரைவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "பணம் வேணாம்னு சொல்லல சார். ஸ்டேஷன்ல ஒரு சீட்டு குடுத்திருந்தா ஊட்ல காட்டியிருப்பேன். இல்லாட்டி நான் வித்துட்டேன்னுதான் பொண்ணும் அவங்க அம்மாவும் நெனப்பாங்க." அந்த மனிதர் முன்னொரு காலத்தில் குடித்தவர். இப்போது குடிப்பதில்லை. அந்தச் சைக்கிளின் மதிப்பை ரூபாயில் கேட்ட உத்தியோகஸ்தருக்கு இந்தக் கணக்கு எந்தப் பத்தியில் வரும்?

அந்த உத்தியோகஸ்தரை மட்டும் ஏசிப் பயனில்லை. சட்டமே அப்படித்தான் கேட்கச் சொல்லுகிறது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய பழைய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் திருட்டுத்தான். ஊசி போனாலும் யானை போனாலும் 379ஆவது பிரிவு. போலீஸார் தாமாகவே விசாரிக்கலாம். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303ஆவது பிரிவாயிற்று. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல் தடவையாகத் தண்டனை பெறுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவனுக்குச் சமூக சேவைதான் தண்டனை. இது நல்ல சட்டம். பசிக்குத் திருடியவனை ஜெயிலில் போட்டுப் பழுத்த திருடனாக்கி வெளியே விடுவதைவிட, ஆஸ்பத்திரி வாசலைப் பெருக்கச் சொல்லுவது எவ்வளவோ மேல். ஆனால் கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில், இந்த ஐயாயிரத்துக்குட்பட்ட திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸார் விசாரிக்கக்கூடாத குற்றங்களோடு சேர்த்துவிட்டார்கள். அதாவது, சைக்கிளைப் பறிகொடுத்தவன் நிலையத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, "மாஜிஸ்திரேட்டிடம் போ" என்று அனுப்ப வேண்டும். அவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எதில் போவான்? சைக்கிள்தான் இல்லையே! திருடனிடம் இரக்கம் காட்டுவதற்கும், பொருளைத் தேடாமலே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? திருப்பிக் கொடுத்தால் சேவை என்கிறது ஒரு புத்தகம். திருப்பிக் கொடுக்க வேண்டியவன் யார் என்று தேடாதே என்கிறது இன்னொரு புத்தகம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிப் பிறகு அதை மற்றப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கிற்று. பெண்களைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த காரியங்களில் இது தலையாயது என்பது என் அபிப்பிராயம். 2023இல் அப்படிக் கொடுத்த சைக்கிள் ஒன்றின் விலை ஐயாயிரத்துக்குச் சற்றுக் கீழே. ஆக, ஒரு சர்க்கார் பொதுப் பணத்தில் வாங்கி, முத்திரை குத்தி, விழா எடுத்துக் கொடுக்கிற சைக்கிள், இன்னொரு சர்க்காரின் கணக்கில் தேடத் தகுதியில்லாத பண்டம்!

எங்கள் ஊர் தேசிங்குராஜனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டவன். அவன் கதையைப் பாடுகிறவர்கள் பாதி நேரம் அவன் குதிரையைத்தான் பாடுகிறார்கள். அந்தக் குதிரையை ஒரு ராத்திரி எவனாவது லாயத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போயிருந்தால், "எத்தனை வராகன் பெறும்?" என்று கேட்டுவிட்டா தேடப் புறப்பட்டிருப்பார்கள்? பால்காரனுக்கும் கொத்தனாருக்கும் சைக்கிள்தான் குதிரை. 1948இல் இத்தாலியில் டி சிகா என்பவர் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்ற படம் 1952இல் நம் நாட்டு முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் வந்தது. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்டு, வேலைக்குப் போன முதல் நாளே பறிகொடுக்கிறான் ஒருவன். போலீஸ் நிலையத்தில் அதை ஒரு விஷயமாகவே மதிப்பதில்லை. ரோமாபுரியும் நம் ஊரும் அவ்வளவு தூரமில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பத்து ரூபாய்ச் சீட்டுக்கு வருகிறேன். என் ஆத்திரத்தில் பெரும் பங்கு அதற்குத்தான். டூரிங் டாக்கீஸ் நாட்களில் சைக்கிள் கொட்டகையில் ஒரு கிழவர் இருப்பார். அட்டையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை ஹாண்டில்பாரில் செருகி, மறு பாதியை நம் கையில் கொடுப்பார். படம் விட்டதும் இருட்டில் முந்நூறு சைக்கிளும் ஒரே சமயத்தில் கிளம்பும். அட்டைக்கு அட்டை பொருந்தாமல் ஒரு சைக்கிள் வாசலைத் தாண்டாது. அவர் வாங்கிய காசு இடத்துக்கு வாடகையல்ல, கண்ணுக்குக் கூலி. இன்றைய சீட்டு காசை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணைக் கழற்றிவிட்டது. "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டுகிறவன் எதற்குக் காசு வாங்குகிறான்? பலகையைப் படிப்பதற்கா?

சட்டம் இதை ஒப்புக்கொள்வதாக நினைத்துப் பலர் வாய்மூடிப் போகிறார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, ஒருவன் பொருளைக் காவலுக்கு வாங்கிக்கொண்டவன், தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதன் எப்படிக் காப்பானோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது. 1998இல் டில்லியில் பெரிய ஹோட்டல் ஒன்றில் சாவியைக் கொடுத்து நிறுத்திய மாருதி கார் களவு போயிற்று. உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறது என்று ஹோட்டல்காரர்கள் வாதாடினார்கள். 2019இல் சுப்ரீம் கோர்ட், வண்டியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு உங்கள் கவனக்குறைவுக்கு அந்த அச்சு கவசமாகாது என்று தீர்ப்பளித்தது. கார்க்காரருக்கு இருபத்தொரு வருஷம் வழக்காட இன்ஷூரன்ஸ் கம்பெனி துணை இருந்தது. சைக்கிள்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? நியாயம் ஒன்றுதான், அதை எட்டிப் பிடிக்கிற ஏணிக்குத்தான் காசு வேண்டியிருக்கிறது.

"நல்ல பூட்டாகப் போட்டிருக்கலாமே!" என்பார்கள். போடட்டும். நூறு ரூபாய்க் கம்பிக் கயிற்றுப் பூட்டை ஒரு குறடு அரை நிமிஷத்தில் வெட்டிவிடும். லாடம் மாதிரி வளைந்த கெட்டி இரும்புப் பூட்டு கொஞ்சம் தாங்கும். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஒன்றோடு பூட்ட வேண்டும். பெடல் கூட்டுக்கு அடியில் பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு படமும் பிடித்துவையுங்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த லாடப் பூட்டின் விலை, டிரைவர் மகளின் சைக்கிள் விலையில் கால்வாசி இருக்கும். தவிர, ராஜகிரி ஏறி இறங்க மூன்று மணி நேரம். உச்சியில் நிற்கிறவனுக்கு அடிவாரத்துச் சைக்கிள் எறும்பாகக்கூடத் தெரியாது. மூன்று மணி நேரம் ஆள் பார்க்காத இடத்தில் தாங்குகிற பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.

ஒரு காலத்தில் முனிசிபாலிட்டியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு ஒரு தகட்டு வில்லை கொடுத்தன. வரி ஒழிந்தது நல்லதே. வில்லையும் ஒழிந்தபோது, இது இன்னாருடையது என்று சொல்ல ஊரில் ஒரு பதிவும் இல்லாமல் போயிற்று. ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்வது கட்டாயம். ஹாலந்தில் உத்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்களுக்கு ஒரு நிலவறை கட்டி 2019இல் முழுதாகத் திறந்தார்கள்; முதல் 24 மணி நேரம் இலவசம். அங்கே திருட்டே கிடையாதென்று நினைக்காதீர்கள், ஏராளம் உண்டு. ஆனால் சைக்கிளைக் காப்பது ஊரின் வேலை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

செஞ்சிக்கு நிலவறை வேண்டாம். பாரதிய சன்ஹிதாவை நான் திருத்தவும் முடியாது. அதற்கு நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், அந்த ஐயாயிரத்தைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். கோட்டை அடிவாரத்தில் கேட்பது ஒரு தகரக் கொட்டகை. சைக்கிளைச் சேர்த்துப் பூட்ட நீளமான ஓர் இரும்புக் குழாய். கிழித்துக் கொடுக்க இரட்டைச் சீட்டு. ஐந்து மணிக்குக் கோட்டை மூடும்வரையில் நகராமல் உட்கார ஓர் ஆள். அவருக்கு மாதச் சம்பளம். பிறகு ஒரு பலகை. "இங்கே விடப்படும் சைக்கிள்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஐந்து வார்த்தை எழுத வேண்டும். எழுதுவதற்குப் பெயிண்டர் எங்கள் கடைத்தெருவிலேயே இருக்கிறார்.