பந்தலில் பாட்டு, பக்கத்துத் தெருவில் இடி!

கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது. இரண்டு தெரு தள்ளி உங்கள் வீடு. என்ன பாட்டு என்று தெரியவில்லை. பாடுவது ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. ஆனால் "தும்... தும்..." என்ற இடி மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. தொட்டிலில் தூங்கிய குழந்தை விழித்துக்கொள்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பையன் புத்தகத்தை மூடி வைக்கிறான்.

பாட்டு வராமல் இடி மட்டும் வருவானேன்?

மேடைக்குக் கீழே இருக்கும் பெரிய கறுப்புப் பெட்டிதான் காரணம். அதன் பெயர் சப்வூஃபர். மைக் செட்காரர்கள் சுருக்கமாக "சப்" என்பார்கள். "பேஸ் பெட்டி" என்றும் சொல்வார்கள். மிகத் தாழ்ந்த அடித்தொனியை மட்டும் எழுப்புவது அதன் வேலை.

குழாய் போனது, பெட்டி வந்தது

முன்பெல்லாம் திருவிழா என்றால் மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். காதைத் துளைக்கும் சத்தம்! இப்போது தமிழ்நாட்டில் போலீசார் அனுமதி கொடுக்கும்போது, கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கிதான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். நல்ல நிபந்தனைதான். ஆனால் குழாயிலிருந்து அடித்தொனி வராது. பெட்டியிலிருந்து வரும். காதைத் துளைத்த தொல்லை குறைந்தது. நெஞ்சை உதைக்கும் தொல்லை பிறந்தது.

மேல் தொனி டார்ச் விளக்கு மாதிரி. எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். சுவர் வந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அடித்தொனி அரிக்கேன் விளக்கு மாதிரி. முன்னும் பின்னும் ஒரே அளவாகப் பரவும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. வினாடிக்கு 50 தடவை அதிரும் ஒலியின் ஒரு அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய அலை ஒரு பெட்டியைச் சுற்றி வளைந்து பின்னால் போவதா கஷ்டம்? சுவரிலும் கதவிலும் கூடப் புகுந்து வந்துவிடுகிறது.

மீட்டர் கழிக்கும் கணக்கு

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2000-ம் ஆண்டில் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் நாலு பக்கமும் அடைத்த மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு இருக்கிறது. தனியார் இடமாக இருந்தால் எல்லையில் வரம்பைவிட 5 டெசிபல் வரை கூடலாம். அதாவது இரவில் 50.

இங்கேதான் ஒரு சூட்சுமம். இந்த டெசிபல் எல்லாம் "ஏ" என்ற கணக்கில் அளப்பது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடித்தொனி சரியாக எட்டாது என்பதால், "ஏ" கணக்கு அதைக் கழித்துக் காட்டும். 50 அதிர்வுள்ள ஒலியில் 30 டெசிபல் கழிந்துவிடும். 80 டெசிபல் இடி வீட்டை உலுக்கினாலும் மீட்டர் 50 என்று காட்டும்! அதிகாரி பார்த்துவிட்டு, "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று போய்விடலாம். அவர் மேல் குற்றமில்லை.

பிரான்சு தேசத்தில் 2017-ம் ஆண்டு போட்ட உத்தரவு இதைக் கவனித்திருக்கிறது. கச்சேரி இடங்களில் 15 நிமிடச் சராசரி "ஏ" கணக்கில் 102-ஐத் தாண்டக் கூடாது. அடித்தொனியை அதிகம் கழிக்காத "சி" கணக்கில் 118-ஐத் தாண்டக் கூடாது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் 94, 104 என்று இன்னும் குறைத்திருக்கிறார்கள். இவை உள்ளே இருப்போரின் காதைக் காக்கும் வரம்புகள். அடுத்த வீட்டுக்கு உள்ளவை அல்ல. ஆனாலும் அடித்தொனிக்குத் தனி வரம்பு உண்டு. நம் 2000-ம் ஆண்டு விதிகளில் அது இல்லை. ஆகவே இன்றைக்குப் பெட்டி வாங்குகிறவர் கையில்தான் பாதி நியாயம் இருக்கிறது.

வாட் மோகம்

மண்டபச் சொந்தக்காரர் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அட்டையில் அச்சிட்ட பெரிய எண் பெரும்பாலும் கண நேர உச்சம். நெடுநேரம் தாங்கும் வாட் எவ்வளவு, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் தரும் என்று கேளுங்கள். 95 தரும் பெட்டிக்கு இரண்டு மடங்கு வாட் கொடுத்தால்தான் 98 தரும் பெட்டிக்கு ஈடாகும்.

அதற்கும் முந்திய கேள்வி, சப் தேவையா என்பதே. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வேண்டவே வேண்டாம். தவிலுக்கு மைக் வைப்பதே எனக்கு அதிசயமாக இருக்கிறது! வாழ்த்துரைக்கும் வேண்டாம், பேச்சை சப்பில் விட்டால் சொல் குழம்பும். டிரம், பேஸ் கிட்டார், கீபோர்டு வரும் கச்சேரிக்குத்தான் வேண்டும். நடுத்தர மண்டபத்துக்கு 18 அங்குலப் பெட்டி இரண்டு பெரும்பாலும் போதும்.

வைக்கிற இடமும் முக்கியம். மேடையின் இரு ஓரத்திலும் பிரித்து வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் நடு வரிசையில் உதை விழும். சற்றுத் தள்ளினால் இரண்டு அலையும் மோதி அடித்தொனி செத்துவிடும். அந்த இடத்தில் மைக் செட்காரர் நின்றால், "பத்தவில்லை" என்று திருகைக் கூட்டிக்கொண்டே போவார்! எல்லாவற்றையும் மேடைக்கு முன் நடுவில் சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். குறைந்த சக்தி போதும்.

வெளி மைதானத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஒரே மாதிரியான மூன்று பெட்டியில், இரண்டு கூட்டத்தைப் பார்க்கும். ஒன்று பின்பக்கம் பார்க்கும். பின்பக்கப் பெட்டியின் அலையைத் தலைகீழாக்கி, துளி நேரம் தாமதப்படுத்தி விடுவார்கள். பின்னால் போகும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரியாக அமைத்தால் மேடைக்குப் பின்னால் 10 டெசிபலுக்கு மேல் குறையும். இதைக் "கார்டியாய்டு" முறை என்கிறார்கள். செலவு கூடுதல். சுவர் நெருங்கிய மண்டபத்தில் பலன் குறைவு. ஆனால் கோயிலுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில், வாட்டுக்குப் போடும் பணத்தை இதற்குப் போடலாம்.

மண்டபம் பேசப் போகிறவர்களும் ஒன்று செய்யலாம். கையில் பிடிக்கும் ஒலி மீட்டர் பலவற்றில் "ஏ", "சி" இரண்டும் உண்டு. கச்சேரி ஒத்திகையின்போது பின்சுவருக்கு வெளியே நின்று இரண்டையும் பாருங்கள். "சி" எண் 20 அளவுக்குக் கூடுதலாக இருந்தால், வெளியே வருவதில் பெரும்பங்கு அடித்தொனிதான். அப்போது பாடகரின் மைக்கைக் குறைத்துப் பயனில்லை. சப்பின் திருகைத்தான் இறக்கச் சொல்ல வேண்டும்.