கிட்டாருக்கும் தாகம் உண்டு



குளிர்நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர், பாடகர் குழுவில் வாசித்துப் பழகிய கிட்டாரையும் உடன் கொண்டு செல்கின்றனர். கனடா போன்ற நாட்டில் முதல் குளிர்காலம் முடிவதற்குள் அக்கருவியின் முகப்பலகை பிளந்துவிடுவதுண்டு. குளிர் தாங்காமல் வெடித்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதைப் பிளந்தது குளிரன்று. வீட்டினுள் நிலவும் வறட்சியே.

குளிர்ந்த காற்று சிறிதளவு நீராவியையே தாங்கவல்லது. 0 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்து நிற்கும் வெளிக்காற்று, வீட்டினுள் புகுந்து 20 பாகைக்குச் சூடேறினால், அதன் ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 26 விழுக்காடாகக் குறைகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகையாயின், உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ 11 விழுக்காடே. நம் மூச்சும் சமையலும் சற்று ஈரம் சேர்த்தாலும் அது போதுவதில்லை. உதடு வெடிப்பதும் தோல் வறள்வதும் இதனாலன்றோ? அதே காற்று மரத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது.

ஈரமிழந்த மரம் இழையின் நீளவாட்டில் அதிகம் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டிலேயே சுருங்குகிறது. கிட்டாரின் முகப்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் அடியில் குறுக்காக ஒட்டியுள்ள சட்டங்களோ அதைச் சுருங்க விடுவதில்லை. இந்த இழுபறியில் பலகை இழைவழியே பிளக்கிறது. ஒட்டுப்பலகையால் செய்த கருவி ஓரளவு தாங்கும். ஒரே மரப்பலகையால் செய்ததற்கே ஆபத்து மிகுதி.

பிளவுக்கு முன்னரே சில அறிகுறிகள் தோன்றும். விரற்பலகை சுருங்குவதால், அதில் பதித்த ஃபிரெட் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். முகப்பலகை சற்றே உட்குழியும். தந்திகள் தாழ்ந்து, வாசிக்கும்போது கரகரக்கும். இவற்றைக் கண்டதும் விழித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் நாசரேத்து நகரில் இயங்குவதும் 1833-இல் தொடங்கப்பெற்றதுமான மார்ட்டின் நிறுவனம், கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது என்கிறது. அதைக் காக்கும் வழிகள் எளியவையே.

முதலாவது, கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் அதன் பெட்டியிலேயே மூடி வையுங்கள். சூடேற்றியின் அருகே வைத்தல் ஆகாது.

இரண்டாவது, துளையிட்ட சோப்புப் பெட்டியில் நனைத்துப் பிழிந்த பஞ்சை இட்டு, கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள். சொட்டும் நீர் மரத்தில் படலாகாது. பஞ்சு உலர்ந்தவுடன் மீண்டும் நனையுங்கள்.

மூன்றாவது, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, சமையல் உப்பை ஈரமணல் போலக் குழைத்து ஒரு மூடியில் இட்டு, மானியுடன் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். அது 75 விழுக்காடு காட்ட வேண்டும்.

நான்காவது, வெளிக்குளிரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறவாதீர்கள். சில மணி நேரம் அறையில் இருந்து பெட்டி சூடேறட்டும். திடீர் மாற்றத்தால் மெருகிலும் வெடிப்பு விழும்.

அளவு மிஞ்சவும் கூடாது. ஈரம் மிகுந்தால் முகப்பலகை உப்பி, தந்திகள் உயர்ந்துவிடும்.

பிளவை ஒட்டித்தரும் கைவினைஞர் உண்டு. ஆயினும் அதற்குச் செலவு மிகும். சூடேற்றியை முடுக்கும் இலையுதிர் காலத்திலேயே தொடங்கி, வசந்தம் வரும்வரை இக்கவனம் தொடர வேண்டும். ஆகவே பெற்றோரே, அடுத்த முறை தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டபின், "கிட்டார் பெட்டியில் பஞ்சு காயாமல் இருக்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.