காப்பிப் பழமும் ஐக்கிய சங்கமும்

காட்டுப்பாக்கத்தில் பொழுது விடிந்ததை அறிவிப்பது கோழி அல்ல. பூந்தமல்லிச் சாலையில் அலறும் பஸ்களும், வீட்டுக்கு வீடு பில்டரில் இறங்கும் டிகாக்ஷனின் வாசனையுந்தான். பொடி எந்தக் கடை என்று விசாரிக்கிறோம். சிக்கரி எவ்வளவு என்று தர்க்கம் செய்கிறோம். பழத்தைப் பறித்தவர் யார் என்று மட்டும் நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

இந்தியாவில் காப்பி பயிரிடுவோரில் 100-க்கு 98 பேருக்கு மேல் சிறு விவசாயிகள். துரைமார் தோட்டங்களைப் பற்றிக் கதை படித்த நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

கடைப் பலகையில் 'பிளாண்டேஷன் ஏ' என்று எழுதியிருக்கிறதே, அது கழுவிப் பதம் செய்த அராபிக்கா. பழத்தை அப்படியே வெயிலில் காயப் போட்டால் அதற்குச் 'செர்ரி' என்று பெயர், விலையும் மட்டு. கழுவுவது லேசான காரியமல்ல. செக்கச் சிவந்த பழங்களை மட்டும் பொறுக்க வேண்டும். பறித்த அன்றே பல்ப்பரில் கொடுத்துத் தோலை நீக்க வேண்டும். கொட்டையில் ஒட்டிய வழுவழுப்பான பசை கரையும்வரை, ஒரு நாளோ ஒன்றரை நாளோ தொட்டியில் போட்டு வைக்க வேண்டும். கையில் எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல்லைப் போலச் சரசரத்தால் பதம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் காவல்காரர் தூங்கிவிட்டாரோ, புளிப்பு ஏறிவிடும்; அப்புறம் எந்த மாமியின் கைராசியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் 100-க்கு 10 ஆகும்வரை உலர்த்த வேண்டும். இத்தனை பாட்டுக்கும் 6 கிலோ பழத்துக்குச் சுமார் 1 கிலோ கொட்டைதான் மிச்சம்.

ஓர் ஏக்கர் வைத்திருக்கும் மலைவாசி பல்ப்பருக்கும் தொட்டிக்கும் எங்கே போவார்? காயும் பழமுமாக ஒரே மூச்சில் உருவி, முற்றத்தில் காயப் போட்டு, முன்பணம் தந்த வியாபாரி சொன்ன விலைக்கு அளந்து விடுகிறார்.

இதற்கு மருந்து நமக்குப் புதியதல்ல. நம் ஊருக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில், 1904-லேயே விவசாயிகள் கடனுக்காக ஐக்கிய சங்கம் கண்டார்கள். கடனுக்குச் சேர்ந்தவர்கள் தொட்டிக்குச் சேரக் கூடாதா? ஆந்திர தேசத்தில், விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அரக்குப் பள்ளத்தாக்கில் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள். (முத்திரை வைக்கும் அரக்கு அல்ல, நேயர்களே; ஊர்ப் பெயர்.) காட்டுச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்து 1922 முதல் 1924 வரை போராடி உயிர் நீத்த அல்லூரி சீதாராம ராஜுவின் பெயரைத்தான் அந்த ஜில்லா இன்று தாங்கியிருக்கிறது. அங்கே ஆதிவாசிக் குடும்பங்கள் நாந்தி நிறுவனத்தின் துணையுடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நிழல் மரங்களின் கீழே, மிளகுக் கொடிகளோடு காப்பி வளர்க்கின்றன. பல கிராமத்துப் பழமும் ஒரு பொது ஆலைக்கு வந்து சேர்கிறது. பழுத்த பழத்துக்கு நல்ல விலை. 2017-இல் அந்தக் காப்பிக்குப் பாரிஸ் நகரத்திலேயே கடை திறந்தார்கள். 2019-இல் அரக்கு அராபிக்காவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பாரிஸ் என்றதும் மயங்கிவிட வேண்டாம். கூட்டுத் தொட்டியில் ஒருவர் பச்சைக்காயைக் கலந்தால் ஊரார் உழைப்பெல்லாம் பாழ். ஆகையால் அண்டை வீட்டுக்காரரின் கூடையைக் கிளறி, "இது வேண்டாம், அண்ணா!" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வேண்டும். அதைவிடக் கஷ்டம் பணம். கொட்டை காய்ந்து, ஏற்றுமதியாகி, வரவு வர மாதங்கள் ஆகும். குடியானவருக்கோ சந்தைச் செலவு இன்றைக்கே. பழத்தை நிறுத்த கையோடு காசு தர முடியாத சங்கத்தின் உறுப்பினர் மறு அறுவடைக்குப் பழைய வியாபாரியின் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நம் சேர்வராயன் மலையிலும், பழனி மலையிலும் ஓரிரண்டு ஏக்கர் காப்பிக்காரர்கள் ஏராளம். தை மாதத்தில் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பிவிடாமல், ஏதாவதொரு மலைக் கிராமத்து முற்றத்தை எட்டிப் பாருங்கள். காய்கிறது பழமா, காயா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரிடமாவது பல்ப்பர் இருக்கிறதா என்றும் கேட்டு வாருங்கள்.