சோதனையும் சாதனையும்

அந்தமானில் பிறந்து இங்கே கல்வி கற்க வந்தவன் நான். 2004 டிசம்பர் 26-ஆம் நாளை எங்கள் தீவினர் மறப்பதற்கில்லை. ஆழிப்பேரலை வருகிறதென்று அறிவிக்க அன்று இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் நம் நாட்டின் எச்சரிக்கை மையம் எழுந்தது. எழுப்பியதோடு பணி முடிந்ததா? இல்லை. அலை வராத நாளில், வந்துவிட்டதாகவே கொண்டு, கடலோர நாடுகள் கூடி ஒத்திகை நடத்துகின்றன. 2016-இலும் 2018-இலும் அவ்வாறு நடந்தது. மையத்தில் புறப்பட்ட செய்தி கடைசிக் குடிசை வரை சேருமா என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

தோழர்களே! நாம் எழுதும் நிரல்களுக்கு இத்தகைய ஒத்திகை வேண்டாமா?

எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வருவது கட்டற்ற மென்பொருள். தமிழுக்கென்றே அத்தகைய தொகுப்புகள் உள்ளன. ‘ஓப்பன் தமிழ்’ அவற்றுள் ஒன்று. செயற்கைக்கோளையே நம்பிக் கிடந்த எங்கள் தீவுகளுக்கு, சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளும் வடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தொண்டில் கைகொடுக்க எங்களுக்கும் வழி பிறந்தது.

ஆனால் நம்மிடம் ஒரு குறை உண்டு. புதிய வசதி சேர்க்க ஓடி வருகிறோம். இருப்பதைச் சோதிக்க ஆளில்லை. நானும் அக்கூட்டத்தில் ஒருவனே. சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் சிறு நிரலொன்று எழுதினேன். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ ஐந்து குறிகள். அதனை என் நிரல் சரியாகவே எண்ணியது. நிரல் வரிகளுள் எத்தனை சோதனையின்போது இயங்கின என்பதைச் ‘சோதனைப் பரப்பு’ என்பர். என் நிரலுக்கு அது நூற்றுக்கு நூறு. மார்தட்டிக்கொண்டேன்!

நண்பரொருவர் ‘கொடி’ என்று உள்ளிட்டார். மூன்றெழுத்து என்றது நிரல்! கொகரத்தின் ஒலிக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என் நிரலோ காலைத் தனியெழுத்தாக எண்ணிவிட்டது. வரிகளெல்லாம் இயங்கின, வழக்குகளெல்லாம் சோதிக்கப்படவில்லை. கால்படாத இடம் எது என்பதைத்தான் அந்த எண் காட்டும். கால்பட்ட இடமெல்லாம் உறுதியானது என்று அது சான்று கூறாது.

சிறு பிழைதானே என்பீர்கள். 2014-இல் உலகையே உலுக்கிய ‘ஹார்ட்பிளீட்’ பிழை, வந்த செய்தி தன் நீளமென்று கூறியது மெய்தானா என்று பாராமல் விட்டதால் நேர்ந்ததே. மாறாக, கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இயங்கும் ‘எஸ்கியூலைட்’ தரவுத்தளத்துக்கு எழுதப்பட்ட சோதனை நிரல், அதன் மூலநிரலைவிடப் பன்னூறு மடங்கு பெரிது. நம்பிக்கையின் விலை அது.

சோதனை எழுதினால் பெயர் வராது என்பர் சிலர். ஒத்திகை நடத்தியவர் பெயரையும் ஊர் அறியாதுதான். ஆனால் அலை வரும் நாளில் உயிர் காப்பது அவர் உழைப்பன்றோ?

இது கணினித்துறையார் பணி மட்டுமன்று. ‘ஔ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் வந்தால் என் செய்வது? ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா? ஆய்தத்தை எங்கே சேர்ப்பது? இவற்றுக்கு விடை கூறத்தக்கவர் தமிழ் பயிலும் தோழரே. அவர் சொல்லைத் தரட்டும். நாம் சோதனையாக எழுதுவோம்.

மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் இது: இப்பருவத்தில் புதிய நிரலெதுவும் தொடங்க வேண்டா. ஆளுக்கொரு செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். அதனை உடைக்கவல்ல பத்துச் சொற்களைத் தேடுவோம். உடைந்தால் மகிழ்வோம், பயன்படுத்துவோர் கையில் உடைவதைவிட நம் கையில் உடைவது நன்று.